பையானும் மியூவானும் கரிம மூலக்கூறுக்குள் எங்கே போய் உட்காருகின்றன?

வேதியியல் முதுநிலை படிக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: "எதிர்மின் மியூவான், எதிர்மின் பையான் போன்ற துகள்களைக் கரிம மூலக்கூறில் உள்ள ஹைட்ரஜன் முதலில் பிடித்துக்கொள்ளும், பிறகு அவை கார்பனுக்குத் தாவிவிடும் என்று படித்தேன். இது எலெக்ட்ரான் பரிமாற்றம் மாதிரிதானா? மூலக்கூறு அந்தத் துகளை எப்படிப் பிடிக்கிறது? நம் உடம்பிலும் இது நடக்குமா?" மூன்று கேள்விகளாகத் தெரிந்தாலும் அடியில் இருக்கும் சந்தேகம் ஒன்றுதான் என்று நினைக்கிறேன். பையான் என்பது அணுக்கருவோடு சம்பந்தப்பட்ட சமாச்சாரம், அதன் நிறையாற்றல் சுமார் 140 மெகா எலெக்ட்ரான்வோல்ட். ஒரு கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்பின் வலிமையோ நான்கு எலெக்ட்ரான்வோல்ட் சொச்சம். இவ்வளவு பெரிய ஆசாமிக்கு இவ்வளவு சின்னப் பிணைப்பு எப்படி ஒரு பொருட்டாக முடியும்? இதற்குப் பதில் கிடைத்தால் மற்ற இரண்டும் தானாக விளங்கிவிடும்.

முதலில் என் தகுதியைச் சொல்லிவிடுகிறேன். முனைவர் ஆய்வுக்காக மியூவான் பீமில் சில ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். ஜெர்மேனியம் டிடெக்டருக்கு முன்னால் இரவு ஷிஃப்ட் உட்கார்ந்து பழக்கம் உண்டு. பையான் பீமில் கை வைத்ததில்லை. அந்தப் பகுதியில் நான் சொல்வதெல்லாம் படித்தும், செய்தவர்களிடம் கேட்டும் தெரிந்துகொண்டது. கோட்பாட்டுக் கணக்கில் எனக்கு அவ்வளவு ஆழம் கிடையாது.

துகள்களின் கதையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். மியூவான் எலெக்ட்ரானைப் போல் 207 மடங்கு கனமானது, 2.2 மைக்ரோநொடி வாழும். பையான் 273 மடங்கு கனமானது, 26 நானோநொடிதான் வாழும். இவற்றின் எதிர்மின் வகையை மட்டும் இப்போதைக்கு எடுத்துக்கொள்வோம். மின்னேற்றத்தைப் பொறுத்தவரை இரண்டும் எலெக்ட்ரான் மாதிரியே நடந்துகொள்ளும். பொருளுக்குள் புகுந்தால் வழியில் உள்ள எலெக்ட்ரான்களைத் தட்டித் தட்டி வேகம் இழக்கும். திரவத்திலோ திண்மத்திலோ இதற்கு நானோநொடி அளவு நேரம் போதும். கடைசியில் சில பத்து எலெக்ட்ரான்வோல்ட் ஆற்றலோடு தள்ளாடிக்கொண்டிருக்கும்போது ஏதோ ஓர் எலெக்ட்ரானை வெளியே தள்ளிவிட்டு அதன் இடத்தில் உட்கார்ந்துவிடும். பிடிபடுதல் என்று சொல்வது இந்த நொடியைத்தான்.

இங்கேதான் நிறைய பேர் தடுமாறுகிறார்கள். கனமான துகள் என்பதால் நேராக அணுக்கருவுக்குப் பக்கத்தில் போய் விழும் என்று தோன்றும். அப்படி நடப்பதில்லை. தான் வெளியேற்றிய எலெக்ட்ரான் எந்த அளவு சுற்றுப்பாதையில் இருந்ததோ, ஏறக்குறைய அதே அளவு பாதையில்தான் வந்து உட்காரும். கனம் கூடினால் பாதை சுருங்கும், குவாண்டம் எண் கூடினால் விரியும். இரண்டையும் சரிக்கட்டினால் மியூவானுக்கு 14, பையானுக்கு 16 அல்லது 17 என்று முதன்மைக் குவாண்டம் எண் வருகிறது. நிறை விகிதத்தின் வர்க்கமூலம்தான் இது, கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள். எனவே துகள் முதலில் வந்து அமர்வது வீட்டின் திண்ணையில். மூலக்கூறின் திண்ணை என்றால் பிணைப்பு எலெக்ட்ரான்கள் உலவும் இடம். உங்கள் வேதியியல் முழுக்க நடக்கிற அதே இடம். நான்கு எலெக்ட்ரான்வோல்ட் பிணைப்பு 140 மெகா எலெக்ட்ரான்வோல்ட் துகளின் தலைவிதியில் ஏன் கை வைக்க முடிகிறது என்பதற்கு இதுதான் காரணம். உள்ளே போகும் வழி திண்ணையில் தீர்மானமாகிவிடுகிறது.

பிறகு இறக்கம் ஆரம்பிக்கும். மேல்மட்டங்களில் இருக்கும்வரை ஒவ்வொரு படி இறங்கும்போதும் அந்த ஆற்றலை ஓர் எலெக்ட்ரானிடம் கொடுத்து அதை வெளியேற்றும், ஓஜே நிகழ்வு என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். கீழ்மட்டங்களுக்கு வந்தபின் எக்ஸ் கதிராக வெளிவிடும். கார்பனில் மியூவான் இரண்டாம் மட்டத்திலிருந்து முதல் மட்டத்துக்கு விழும்போது வரும் எக்ஸ் கதிர் 75 கிலோ எலெக்ட்ரான்வோல்ட். சாதாரணக் கார்பன் அணுவின் எக்ஸ் கதிர் கால் கிலோ எலெக்ட்ரான்வோல்ட்தான் என்பதை நினைவில் வைத்தால் வித்தியாசம் புரியும். நைட்ரஜனுக்கு 102, ஆக்சிஜனுக்கு 133 கிலோ எலெக்ட்ரான்வோல்ட். எந்த அணுவில் மியூவான் போய் அடைந்தது என்பதை இந்தக் கோடுகள் காட்டிக்கொடுக்கும்.

இந்த 75 என்ற எண்ணை என்னால் மறக்க முடியாது. ஆய்வின் ஆரம்ப நாட்களில் கார்பனே இல்லாத ஒரு சாம்பிளை வைத்துவிட்டு, 75-இல் அழகான ஒரு முகடு எழும்புவதைப் பார்த்து விடிய விடியக் குழம்பினேன். சாம்பிளைச் சுற்றியிருந்த பாலித்தீன் உறையைச் சந்தேகப்பட்டு மாற்றினேன், முகடு அசையவில்லை. காலையில் வந்த சீனியர் ஒருவர் திரையைப் பார்த்ததும், "72.8-இலும் ஒன்று இருக்கிறதா பார்" என்றார். இருந்தது. டிடெக்டரைச் சுற்றி நானே அடுக்கிவைத்த ஈயக் கட்டிகளின் சொந்த எக்ஸ் கதிர் அது. ஈயத்தின் முதன்மைக் கோடு 74.97-இல் வரும், மியூவான் கார்பன் கோட்டுக்கு ஒட்டிப் பிறந்த இரட்டை மாதிரி. அன்றிலிருந்து ஈயத்துக்கு உள்பக்கம் தகரமும் செம்பும் வைக்காமல் நான் அளவெடுத்ததில்லை.

இனி ஹைட்ரஜன் கதைக்கு வருவோம். 1947-இல் ஃபெர்மியும் டெல்லரும், ஒரு சேர்மத்தில் எந்த அணு எவ்வளவு துகள்களைப் பிடிக்கும் என்பதற்கு ஓர் எளிய விதி சொன்னார்கள்: அணு எண்ணுக்கு ஏற்ற விகிதம். இதை பாலித்தீனுக்குப் பொருத்திப் பாருங்கள். ஒவ்வொரு கார்பனுக்கும் இரண்டு ஹைட்ரஜன். கார்பனுக்கு ஆறு பங்கு, ஹைட்ரஜன்களுக்கு இரண்டு பங்கு, ஆக நூற்றுக்கு 25 பையான் ஹைட்ரஜனில் முடிய வேண்டும். அளந்து பார்த்தால் நூற்றுக்கு ஒன்று அளவில்தான் வருகிறது. தண்ணீரில் விதிப்படி 20 வர வேண்டும், கிடைப்பது நூற்றுக்கு அரைக்கும் குறைவு. இவ்வளவு பெரிய இடைவெளியை அளவீட்டுப் பிழை என்று தள்ளிவிட முடியாது.

எப்படி அளந்தார்கள் என்பதைச் சொல்லாமல் விட்டால் பாதிக் கதை போய்விடும், இந்தத் துறையிலேயே எனக்கு மிகவும் பிடித்த தந்திரம் அது. பையான் ஹைட்ரஜன் கருவில், அதாவது ஒரு தனிப் புரோட்டானில், உறிஞ்சப்பட்டால் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, நியூட்ரானும் ஒரு காமா கதிரும். மற்றொன்று, நியூட்ரானும் மின்னேற்றமற்ற பையானும். பெர்க்லியில் பனோவ்ஸ்கியும் கூட்டாளிகளும் 1951-இல் இதைத் தெளிவாகக் காட்டினார்கள். நூற்றில் 60 தடவை இரண்டாவது வழி. அப்படிப் பிறக்கும் நடுநிலைப் பையான் உடனே இரண்டு காமாக்களாகச் சிதறும், அவை ஏறக்குறைய எதிரெதிர்த் திசையில் பறக்கும். கார்பனிலோ ஆக்சிஜனிலோ இந்த வழி மூடியிருக்கிறது. எதிர்மின் பையானுக்கும் நடுநிலைப் பையானுக்கும் இடையே உள்ள நிறை வித்தியாசம் 4.6 மெகா எலெக்ட்ரான்வோல்ட். ஒரு புரோட்டானை நியூட்ரானாக்க அதில் 1.3 போதும். கார்பனை போரானாக்கவோ ஆக்சிஜனை நைட்ரஜனாக்கவோ அது போதாது. ஆகவே பாலித்தீனோ பென்சீனோ எதை வைத்தாலும், இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் உயர் ஆற்றல் காமா அடித்தால் ஒரு பையான் ஹைட்ரஜனில் செத்தது என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். மியூவானுக்கு இப்படி ஓர் அடையாளம் இல்லை.

இந்த முறையை வைத்து 1960-களில் சோவியத் ஒன்றியத்தின் துப்னா ஆய்வுக்கூடத்தில் வரிசையாக அளந்தார்கள். அங்கே செய்த ஒரு சோதனையை வகுப்பில் சொன்னால் வேதியியல் மாணவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். ஹைட்ரசீன் என்ற சேர்மத்தில் இரண்டு நைட்ரஜனும் நான்கு ஹைட்ரஜனும் உண்டு. அதே விகிதத்தில் நைட்ரஜன் வாயுவையும் ஹைட்ரஜன் வாயுவையும் கலந்து வைத்தால் அணுக் கணக்கு ஒன்றுதான். ஆனால் கலவையில் ஹைட்ரஜன் பிடிக்கும் பையான், சேர்மத்தில் பிடிப்பதைவிடப் பத்து மடங்குக்கும் மேல். மாறியது பிணைப்பு மட்டும். ஹைட்ரஜன் இன்னொரு ஹைட்ரஜனோடு கைகோத்திருந்தால் ஒரு விதி, நைட்ரஜனோடு கைகோத்திருந்தால் வேறு விதி.

இதற்கு பொனொமரியோவும் துப்னா குழுவினரும் தந்த விளக்கம் "பெரிய மீசோ மூலக்கூறு" என்று பெயர் பெற்றது. பிணைப்பு எலெக்ட்ரானைத் தள்ளிவிட்டு உட்காரும் பையான் எந்த ஓர் அணுவுக்கும் சொந்தமில்லை. கார்பன், ஹைட்ரஜன் இரண்டையும் சுற்றி வரும் ஒரு பொதுப் பாதையில் அது இருக்கிறது. அங்கிருந்து இறங்கும்போது எந்தப் பக்கம் இறங்கும்? கார்பனின் கரு மின்னேற்றம் ஆறு. அதன் மட்டங்கள் ஆழமானவை, இழுப்பும் பலமானது. ஹைட்ரஜன் பக்கம் இறங்கும் வாய்ப்பு, துணை அணுவின் அணு எண்ணின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும் என்பது இந்த மாதிரியின் சாரம். பாலித்தீனுக்குக் கணக்குப் போடுங்கள்: நாலில் ஒரு பங்கு, அதை 36-ஆல் வகுத்தால் 0.7 சதவீதம். தண்ணீருக்கு: ஐந்தில் ஒரு பங்கு, 64-ஆல் வகுத்தால் 0.3 சதவீதம். ஒன்றை ஒட்டிய ஒரு திருத்தக் காரணியோடு அளவீடுகள் இதற்கு அருகில் வந்து நிற்கின்றன. இவ்வளவு எளிய சூத்திரம் இவ்வளவு தூரம் ஒத்துப்போவது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

ஆக, "முதலில் ஹைட்ரஜன் பிடிக்கும், பிறகு கார்பனுக்குத் தாவும்" என்று நீங்கள் படித்த வாக்கியத்தைக் கொஞ்சம் திருத்த வேண்டும். பெரும்பாலான துகள்கள் ஹைட்ரஜனிடம் முழுதாகப் பிடிபடுவதே இல்லை. பொதுத் திண்ணையிலிருந்தே கார்பன் வீட்டுக்குள் போய்விடுகின்றன. இதைத் தாவல் என்று நான் சொல்ல மாட்டேன். மிஞ்சிய சிறு பங்கில்தான் உண்மையான தாவல் நடக்கிறது. இரண்டையும் ஒரே பெயரால் அழைப்பதால் பாடப்புத்தகங்களிலும் குழப்பம் வருகிறது.

அந்த உண்மையான தாவல் எப்படி என்று பார்ப்போம். ஹைட்ரஜன் பக்கம் இறங்கிய பையான் புரோட்டானோடு சேர்ந்து ஒரு குட்டி அணு ஆகிறது. அடிமட்டத்தில் அதன் ஆரம் சாதாரண ஹைட்ரஜனின் ஆரத்தில் 240-இல் ஒரு பங்கு. மியூவான் என்றால் 186-இல் ஒரு பங்கு. கூட்டல் ஒன்று, கழித்தல் ஒன்று, மொத்த மின்னேற்றம் சுழி. ஆக அது ஒரு பெரிய நியூட்ரான் மாதிரி. பிணைப்பு எலெக்ட்ரான் போய்விட்டதால் மூலக்கூறில் அதைக் கட்டிப்போட எதுவும் இல்லை. அவிழ்ந்து கிளம்பி, அக்கம்பக்கத்து எலெக்ட்ரான் மேகங்களை மதிக்காமல் ஊடுருவிப் போகும். வழியில் ஒரு கார்பன் கருவுக்கு மிக அருகில் போய்விட்டால், புரோட்டானை அம்போ என்று விட்டுவிட்டு பையானோ மியூவானோ கார்பனின் ஏதோ ஒரு மேல்மட்டத்துக்கு மாறிவிடும். விடுபட்ட புரோட்டானைக் கார்பன் கரு எதிர்த்துத் தள்ளும், அது ஓடிவிடும். திரும்பிப் போக வழியே இல்லை. ஹைட்ரஜனில் மியூவானின் கட்டு ஆற்றல் 2.5 கிலோ எலெக்ட்ரான்வோல்ட், கார்பனில் சுமார் 100. பள்ளத்தில் உருண்ட கல் மேட்டுக்கு ஏறாது.

எலெக்ட்ரான் பரிமாற்றத்தோடு ஒப்பிட்டால் எங்கே ஒற்றுமை முடிகிறது என்பது இப்போது தெரிந்திருக்கும். எலெக்ட்ரான் தாவும்போது ஆற்றல் வித்தியாசம் ஓர் எலெக்ட்ரான்வோல்ட் அளவு. சுற்றியுள்ள கரைப்பான் எப்படித் திரும்பி நிற்கிறது என்பதெல்லாம் வேகத்தைத் தீர்மானிக்கும், மார்கஸ் கோட்பாட்டில் நீங்கள் படித்ததுதான். மேலும் எலெக்ட்ரான் தாவும்போது கருக்கள் ஏறக்குறைய இருந்த இடத்திலேயே நிற்கும். இங்கே துகள் மட்டும் தனியாகத் தாவ முடியாது. அதன் அலை அவ்வளவு தூரம் நீளாது. புரோட்டானையும் இழுத்துக்கொண்டு அணுவாகவே நடந்துபோய், கார்பன் கருவின் வாசலில் வைத்துத்தான் கைமாறும். மூலக்கூறும் பிழைப்பதில்லை. துகள் படி இறங்கும்போது எலெக்ட்ரான்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பிடுங்கி எறிவதால் அந்த மூலக்கூறு உடைந்து சிதறும். "மூலக்கூறு துகளைப் பிடித்துவைக்கிறது" என்று கற்பனை செய்திருந்தால் அதை விட்டுவிடுங்கள்.

மியூவானுக்கும் பையானுக்கும் இந்த இடத்தில் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. பையானைப் போலன்றி, கருவைக் கட்டிவைக்கும் வலுவிசைக்கு மியூவான் கட்டுப்படாதது. புரோட்டானோடு சேர்ந்தபின் அதற்கு மைக்ரோநொடிகள் அவகாசம் உண்டு. கரிமத் திரவத்தில் கார்பனைச் சந்திக்க அதில் மிகச் சிறு பகுதி போதும். எனவே பென்சீனில் ஹைட்ரஜனிடம் போன மியூவான்கள் எல்லாமே கடைசியில் கார்பனுக்கு வந்துவிடும் என்று சொன்னால் பிழையாகாது. பையானுக்கு அந்த நிதானம் இல்லை. குட்டி அணு வேறு அணுக்களின் மின்புலத்துக்குள் நுழைந்ததும் அதன் மட்டங்கள் கலந்து, கீழ்மட்டம் வரை இறங்காமலேயே புரோட்டான் பையானை உறிஞ்சிவிடும். திரவ ஹைட்ரஜனில் இதெல்லாம் பிக்கோநொடிக் கணக்கில் முடிந்துவிடுகிறது. அதனால் தாவலும் உறிஞ்சலும் போட்டி போடுகின்றன. போட்டியில் உறிஞ்சல் ஜெயித்தவையே காமா ஜோடியாக நமக்குத் தெரிகின்றன. அற்பாயுள் என்பதால்தான் பையான் நல்ல சாட்சி.

எந்த ஹைட்ரஜன் என்றுகூடப் பிரித்துப் பார்க்க முடியுமா? முடியும், அதற்கு ஹைட்ரஜனின் கனமான ஐசோடோப்பான டியூட்டீரியம் கைகொடுக்கிறது. அதன் கருவான டியூட்ரானில் உறிஞ்சப்பட்ட பையான் பெரும்பாலும் இரண்டு நியூட்ரான்களைத் தரும், நடுநிலைப் பையான் வருவது மிக மிக அரிது. காமா ஜோடிக் கண்ணுக்கு டியூட்டீரியம் இருட்டு. மெத்தனாலை எடுத்துக்கொள்ளுங்கள். மெத்தில் பக்கத்து மூன்று ஹைட்ரஜனையும் டியூட்டீரியமாக மாற்றி ஒரு சாம்பிள், ஆக்சிஜன் பக்கத்து ஒன்றை மட்டும் மாற்றி இன்னொரு சாம்பிள். முதலாவதில் வரும் சமிக்ஞை முழுக்க ஹைட்ராக்சில் ஹைட்ரஜனுடையது, இரண்டாவதில் மெத்திலுடையது. இப்படிப் பார்த்ததில் ஆக்சிஜனோடு பிணைந்த ஹைட்ரஜன், கார்பனோடு பிணைந்ததைவிடக் குறைவாகவே பையானைப் பெறுகிறது. ஆக்சிஜன் பிணைப்பு எலெக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதால் ஹைட்ரஜன் பக்கத் திண்ணை காலி. அமிலத்தன்மை கூடக்கூட அந்த ஹைட்ரஜனின் பங்கு குறையும் போக்கு தெரிகிறது. எதிர்மின் பையானை வைத்து எலெக்ட்ரான் அடர்த்தியை முகர்ந்து பார்க்கும் வேலை இது. கனடாவின் ட்ரையம்ஃப் கூடத்தில் 1980-களில் இந்த வகை அளவீடுகள் நிறைய நடந்தன. தண்ணீரும் கனநீரும் கலந்து வைத்து, பையான் ஹைட்ரஜனிலிருந்து டியூட்டீரியத்துக்கு மாறுவதையும் அங்கே பார்த்தார்கள்.

எதில் உறுதி, எதில் சந்தேகம் என்று இப்போது பிரித்துவிடுகிறேன். பிணைந்த ஹைட்ரஜனில் பிடிப்பு மிகக் குறைவு, பிணைப்பு எலெக்ட்ரான்களே வாசல், தாவல் ஒருவழிப் பாதை, இவை மூன்றிலும் சந்தேகமில்லை. பல ஆய்வகங்களில், பல சேர்மங்களில் சரிபார்த்தவை. அணு எண் வர்க்க விதி ஒரு நல்ல தோராயம், அதற்கு மேல் அதை இழுக்கக்கூடாது. ஒரு புதிய சேர்மத்தைக் காட்டி, அதில் கார்பனுக்கும் நைட்ரஜனுக்கும் எத்தனைக்கு எத்தனை போகும் என்று துல்லியமாக முன்கூட்டிச் சொல்லும் கோட்பாடு இன்னும் கைக்கு வரவில்லை. பிடிபடும் நொடியில் துகள் எந்தக் கோண உந்தத்தோடு உட்காருகிறது என்பது இறக்கம் முழுவதையும் பாதிக்கும். அதை நேரடியாகப் பார்க்க முடியாததால், பின்னால் வரும் எக்ஸ் கதிர்களின் பலங்களை வைத்து ஊகிக்கிறார்கள். இன்னொரு சிக்கல்: குட்டி அணு தான் பிறந்த அதே மூலக்கூறின் கார்பனுக்குத் தாவியதா, அடுத்த மூலக்கூறின் கார்பனுக்கா? திரவத்தில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். வாயுவில் அழுத்தத்தை மாற்றியும், கார்பன் டெட்ராகுளோரைடு போன்ற ஹைட்ரஜனற்ற ஒன்றைக் கலந்தும் பிரிக்கப் பார்த்திருக்கிறார்கள். கிடைக்கும் எண்ணில் மாதிரியின் கைவரிசை எப்போதும் கொஞ்சம் கலந்திருக்கும். ஒரு கட்டுரையில் உள்தாவல் இத்தனை சதவீதம், வெளித்தாவல் இத்தனை சதவீதம் என்று தசமப் புள்ளியோடு பார்த்தால் நான் கொஞ்சம் தள்ளியே நின்று படிப்பேன்.

மியூவான் பக்கத்தில் வேலை இன்னும் உயிரோடு இருக்கிறது. ஜப்பானின் ஜே-பார்க் கூடத்தில் ஹைட்ரஜன் வாயுவோடு பென்சீன் ஆவியையும் சைக்ளோஹெக்சேன் ஆவியையும் சிறிதளவு கலந்து, மியூவான் ஹைட்ரஜனிலிருந்து அவற்றுக்கு எவ்வளவு வேகமாக மாறுகிறது என்று அளந்திருக்கிறார்கள். இரண்டிலும் ஆறு கார்பன்தான், பிணைப்பின் தன்மைதான் வேறு, அதனால்தான் அந்த ஜோடி. நேரடியாகப் பிடிபட்டு வந்த மியூவானையும் தாவி வந்த மியூவானையும் எக்ஸ் கதிரிலேயே ஓரளவு பிரிக்க முடியும். தாவி வந்தவை தாமதமாக வரும். மேல்மட்டத்திலிருந்து ஒரே தாண்டாக அடிமட்டத்துக்கு விழும் கோடுகள் அவற்றில் கூடுதல் பலத்தோடு இருக்கும். அதே கூடத்தில்தான் ஹயபுசா-2 விண்கலம் கொண்டுவந்த ரியூகு குறுங்கோள் கற்களை உடைக்காமல், மியூவான் எக்ஸ் கதிரை வைத்தே கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜன் அளவைப் பார்த்தார்கள். அந்த அளவீட்டுக்குள்ளும் பிடிப்பு விகிதம் என்ற இந்தப் பழைய தலைவலி ஒளிந்திருக்கிறது. அதனால் பொருளடக்கம் தெரிந்த ஒரு தரச் சாம்பிளைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுத்தான் எண் சொல்வார்கள். தாவல் சிலருக்குத் தொல்லையும்கூட. 2010-இல் சுவிட்சர்லாந்தின் பிஎஸ்ஐ கூடத்தில் மியூவான் ஹைட்ரஜனை லேசரால் தட்டி, புரோட்டானின் ஆரம் அதுவரை நம்பியதைவிடச் சிறியது, 0.84 ஃபெம்டோமீட்டர் என்று சொன்னார்களே, அவர்களுக்கு வெறும் ஒரு மில்லிபார் அழுத்தத்தில் ஹைட்ரஜன் வாயு தேவைப்பட்டது. அக்கம்பக்கத்து மோதல் அணுவின் நிலையைக் கெடுத்துவிடும். அசுத்தம் கொஞ்சம் கலந்தாலும் மியூவானைத் திருடிக்கொண்டு போய்விடும்.

நேர்மின் மியூவானைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் தேடினால் அதுவும் சேர்ந்து வந்து உங்களைக் குழப்பும். அது கருவை நெருங்காது. ஓர் எலெக்ட்ரானைச் சேர்த்துக்கொண்டு மியூவோனியம் ஆகிவிடும். ஹைட்ரஜனில் ஒன்பதில் ஒரு பங்கு கனம் உள்ள ஐசோடோப்பு என்று வைத்துக்கொள்ளலாம். பென்சீனின் இரட்டைப் பிணைப்பில் அது சேர்ந்து ஒரு தனி உறுப்பை (ஃப்ரீ ராடிக்கல்) உண்டாக்கும், காந்தப்புலத்தில் மியூவானின் தற்சுழற்சி அச்சு சுற்றுவதை வைத்து அதைக் காண்பார்கள். இது முழுக்க முழுக்க உங்கள் துறை வேதியியல். நீங்கள் சொல்லும் "மூலக்கூறு பிடித்துவைப்பது" என்பது உண்மையில் இங்கேதான் நடக்கிறது. எதிர்மின் மியூவான் செய்வது வேறு விசித்திரம். அது கார்பன் கருவோடு ஒட்டி உட்கார்ந்து ஒரு மின்னேற்றத்தை மறைத்துவிடுவதால், வெளியே இருக்கும் எலெக்ட்ரான்களுக்கு அந்தக் கார்பன் போரான் மாதிரித் தெரியும். ஆக்சிஜன் நைட்ரஜன் மாதிரித் தெரியும். மைக்ரோநொடி வேஷம்தான்.

உடம்பு பற்றிய கேள்வி. ஆம், நடக்கிறது. காஸ்மிக் கதிரிலிருந்து வரும் மியூவான்கள் கடல் மட்டத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு நிமிடத்துக்கு ஒன்று என்ற கணக்கில் விழுகின்றன. தேனி நியூட்ரினோ ஆய்வகத் திட்டம் பற்றிய விவாதங்களில் இந்தப் பெயரைக் கேட்டிருப்பீர்கள், அந்தக் கருவிகளை மலைக்கு அடியில் வைக்க நினைத்ததே இந்த மியூவான் மழையைக் குறைக்கத்தான். விரித்த உள்ளங்கை வழியாக நிமிடத்துக்கு நூறு அளவில் போகும். அவற்றின் சராசரி ஆற்றல் சில கிகா எலெக்ட்ரான்வோல்ட், உடம்பைக் கடக்கையில் இழப்பது சில பத்து முதல் சில நூறு மெகா எலெக்ட்ரான்வோல்ட் மட்டும், எனவே பெரும்பாலானவை நிற்காமல் போய்விடும். மிகச் சிறு பங்கு உள்ளே நிற்கும், அதிலும் பாதிக்குச் சற்றுக் குறைவானவை எதிர்மின் வகை. தண்ணீர் நிறைந்த திசுவில் அவை பெரும்பாலும் ஆக்சிஜனிலும், அடுத்தபடியாகக் கார்பனிலும் அடங்கும். ஹைட்ரஜன் எண்ணிக்கையில் எல்லாவற்றையும்விட அதிகம் இருந்தும் அதற்கு எதுவும் நிற்காது. ஆக்சிஜனில் சேர்ந்தவற்றில் நூற்றுக்கு 18 கருவால் விழுங்கப்படும், கார்பனில் 8, மற்றவை எலெக்ட்ரானாகச் சிதையும். இந்த எண்ணிக்கைக்குப் பயப்பட எதுவும் இல்லை, மனித இனம் தோன்றிய நாளிலிருந்து இந்த மழையில்தான் நனைந்துகொண்டிருக்கிறது.

பையான் இயற்கையாக நம் உடம்பில் வந்து நிற்பது அதைவிடவும் அரிது, ஆனால் வேண்டுமென்றே நிறுத்தியிருக்கிறார்கள். அமெரிக்காவின் லாஸ் அலமோஸில் 1970-களிலும், பிறகு சுவிட்சர்லாந்திலும் கனடாவிலும் புற்றுக்கட்டிக்குள் எதிர்மின் பையானை நிறுத்திச் சிகிச்சை செய்து பார்த்தார்கள். கார்பனும் ஆக்சிஜனும் பையானை உறிஞ்சியதும் கரு வெடித்து, குறுந்தூரம் மட்டுமே பாயும் துண்டுகள் அங்கேயே சிதறும் என்பதுதான் திட்டம். பையான் ஹைட்ரஜனில் முடிந்தால் ஆற்றல் நியூட்ரானாகவும் காமாவாகவும் கட்டிக்கு வெளியே ஓடிவிடும், எனவே ஹைட்ரஜனின் பங்கு சதவீதத்துக்கும் கீழே இருப்பது இங்கே வசதியாகிப் போனது. வழக்கமான கதிர்ச் சிகிச்சையைவிட மேலானது என்று மருத்துவச் சோதனைகளில் நிரூபணமாகாததால் அந்த முயற்சி நின்றுவிட்டது. கொழுப்புத் திசுவில் கார்பன் அதிகம், தசையில் ஆக்சிஜன் அதிகம், ஆகவே எந்தத் திசுவில் எந்தக் கரு வெடிக்கும் என்ற கணக்கு அப்போது அவர்களுக்கு உண்மையாகவே தேவைப்பட்டது. பென்சீனையும் மெத்தனாலையும் பீமில் வைத்து அளந்துகொண்டிருந்ததும் அதே காலம்தான்.